பக்கத்துக் காணியில் குழந்தைப் பராமரிப்பு நிலையம்: கவுன்சிலுக்குக் கருத்து எழுதும் முறை

மேற்கு சிட்னியில் வென்ட்வேர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், கிராவீன் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் புறநகர்களில், அடுத்தடுத்த இரண்டு பழைய வீடுகள் விலைப்பட்டு அந்தக் காணியில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் கட்ட விண்ணப்பம் போடப்படுவது வழக்கமான காரியமாகிவிட்டது. அயலவர்களுக்கு அது தெரியவருவது பெரும்பாலும் தபாற்பெட்டியில் வந்து விழும் கவுன்சில் கடிதத்தின் மூலந்தான். அன்று மாலையே வீதியின் வாட்ஸ்அப் குழு சூடாகிவிடும். ஒருவர் ஆட்சேபக் கடிதம் ஒன்றை எழுதிப் பகிர்வார். மற்றவர்கள் பெயரை மட்டும் மாற்றி அதையே அனுப்புவார்கள். இன்னொருவர் கையொப்பம் திரட்டுவார். வேறொருவர் தமக்குத் தெரிந்த கவுன்சிலரிடம் பேசுவதாகச் சொல்வார். எங்கள் வீதியிலும் இப்படித்தான் நடந்தது. கையொப்பத் தாளோடு வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருவன். இந்த மூன்று வழிகளும் மிகக் குறைந்த பலனைத் தருபவை என்பதை அந்த விண்ணப்பம் முடிவுக்கு வந்த பிறகுதான் அறிந்துகொண்டேன். அந்த வீதியில் வாழ்பவருக்கு மட்டுமே தெரிந்த விவரம், அளந்து சொல்லப்பட்டு, அதற்குரிய விதியோடு சேர்த்து எழுதப்படும்போதுதான் எடுபடுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நடைமுறையே இது. மற்ற மாநிலங்களில் வசிப்பவர்கள் தத்தம் மாநில விதிகளைப் பார்க்க வேண்டும்.

எழுத உட்காருமுன் ஒன்றை மனத்தில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆர்2 எனப்படும் குறைந்த அடர்த்திக் குடியிருப்பு வலயத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் என்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்ட ஒன்றல்ல. அனுமதி பெற்று நடத்தக்கூடிய பயன்பாடே. ஆகவே "இது குடியிருப்புப் பகுதி, இங்கே வியாபார நிலையம் வரவே கூடாது" என்று தொடங்கும் கடிதம் முதல் வரியிலேயே வலுவிழந்துவிடுகிறது. அதோடு, நம் வீட்டுப் பிள்ளைகளும் இத்தகைய ஒரு நிலையத்தில்தான் வளர்ந்தார்கள் அல்லது வளரப்போகிறார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வீட்டுக் கடனைக் கட்ட முடியும் என்ற நிலையில், இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்த குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம். எனவே நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. இந்த அளவில், இந்தக் காணியில், இந்த வடிவமைப்பில் அது பொருந்துமா என்று கேட்பதே பயனுள்ளது.

முதல் இரண்டு நாட்களில் செய்ய வேண்டியவை

கருத்துத் தெரிவிப்பதற்குச் சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்சக் காலம் பொதுவாக 14 நாட்கள். கவுன்சில் கடிதத்திலேயே இறுதி நாள் குறிக்கப்பட்டிருக்கும். கடிதத்தில் உள்ள டி.ஏ. எனப்படும் அபிவிருத்தி விண்ணப்பத்தின் இலக்கத்தைக் கவுன்சிலின் இணையதளத்தில் இட்டு, அதன் கீழ் இருக்கும் ஆவணங்கள் அனைத்தையும் அன்றே தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். காலக்கெடு முடிந்த பின் அவை அங்கேயே இருக்கும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். கட்டட வரைபடங்கள், சுற்றுச்சூழல் விளைவுகள் பற்றிய அறிக்கை, போக்குவரத்து அறிக்கை, ஒலி அறிக்கை, நிர்வாகத் திட்டம், மழைநீர் வடிகால் வரைபடம், மரங்கள் பற்றிய அறிக்கை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க நேரமில்லாதவர்கள் வரைபடத்தையும் போக்குவரத்து அறிக்கையையும் ஒலி அறிக்கையையும் கட்டாயம் படிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியின் பெயரும் கடிதத்தில் இருக்கும். அவரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அயலவர்களுக்குப் பதில் சொல்வதும் அவருடைய பணியின் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையின் இலக்கத்தை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடு கவுன்சிலுடன் பேசலாம். எங்கள் வீதியில் நாற்பது ஆண்டுகளாக வாழும் ஐயா ஒருவருக்கு மழை பெய்தால் எந்தக் காணியில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்பது வரை தெரியும். ஆங்கிலத்தில் எழுத வராது என்று அவர் ஒதுங்கி நின்றதால் அந்த விவரம் கடைசி வரை யாருடைய கடிதத்திலும் இடம்பெறவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எடுபடாத வாதங்கள்

குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பற்றி மாநில அரசு 2017-ல் கொண்டுவந்த திட்டமிடல் கொள்கை, இப்போது போக்குவரத்து, உள்கட்டமைப்புப் பற்றிய 2021-ஆம் ஆண்டுக் கொள்கையின் மூன்றாம் அத்தியாயமாக இருக்கிறது. கவுன்சில்கள் எவற்றைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பதை அது வெளிப்படையாகவே சொல்கிறது. அருகில் வேறு நிலையம் இருக்கிறது என்பதும், இப்பகுதிக்கு இன்னொன்று தேவையில்லை என்பதும், காணியின் பரப்போ வீதியோர அகலமோ குறைவு என்பதும் அவற்றில் அடங்கும். "இதே வீதியில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, மூன்றாவது எதற்கு" என்பது நாம் எல்லோரும் முதலில் சொல்லும் வாதம்; விதிப்படி அதற்கு எடையே இல்லை. எனினும் அதே உண்மையை வேறு விதமாக எழுத முடியும். ஏற்கெனவே உள்ள இரண்டு நிலையங்களின் வாகனங்களும் சேர்ந்து காலை எட்டு மணிக்கு வீதியில் எத்தகைய நிலையை உண்டாக்குகின்றன என்பது போக்குவரத்து விவகாரம். அது கருத்தில் கொள்ளப்படும்.

வீட்டு விலை குறைந்துவிடும் என்பதும் அப்படித்தான். அதை எழுதாதீர்கள். விண்ணப்பதாரர் பேராசைக்காரர், அவருக்கு ஏற்கெனவே நான்கு நிலையங்கள் இருக்கின்றன என்பன போன்ற வரிகளையும் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தை விண்ணப்பதாரரோ பொதுமக்களோ பார்க்க நேரலாம். தனிமனிதரைப் பற்றிய குற்றச்சாட்டு உங்களுக்கே சிக்கலாக முடியும்.

யார் வருவார்கள் என்பதைப் பற்றியும் எழுதக் கூடாது. "வெளியாட்கள் வீதிக்குள் வருவார்கள்", "வேறு வகையான குடும்பங்கள் வரும்" என்பன போன்ற வாசகங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது மட்டுமல்ல காரணம். வடமேற்கு சிட்னியின் அனங்ரோவ் பகுதியில் முஸ்லிம்களின் வழிபாட்டு இடத்துக்கான விண்ணப்பம் ஒன்றை, பெருந்திரளான ஆட்சேபங்களுக்குப் பின் அங்கிருந்த கவுன்சில் மறுத்தது. அந்த வழக்கில் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2003-ல் அனுமதி வழங்கியது. நியாயமான அடிப்படை இல்லாத அச்சத்தை அதனளவில் ஒரு பாதிப்பாகக் கொள்ள முடியாது என்றும் கூறியது. எத்தனை பேர் அஞ்சினார்கள் என்பது அங்கே எடுபடவில்லை. நம் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் அனுமதி கேட்ட நாட்களில் நம்மைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்களைப் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தொனியை நாம் இன்னொருவர் மீது பிரயோகிக்க வேண்டியதில்லை.

எண்களைப் போட்டுப் பாருங்கள்

அறுபது பிள்ளைகளுக்கான நிலையம் என்று விண்ணப்பம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தேசிய ஒழுங்குவிதிகளின்படி ஒரு பிள்ளைக்கு உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே 7 சதுர மீட்டர் தடையற்ற இடம் வேண்டும். அறுபது பேருக்கு அது உள்ளே 195, வெளியே 420 சதுர மீட்டர் ஆகிறது. தடையற்ற இடம் என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். நடைபாதை, கதவு திறக்கும் இடம், கழிப்பறை, அணையாடை மாற்றும் இடம், தொட்டில்களுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய இடம், களஞ்சிய அறை, அலுவலர் அறை ஆகியவை உள்ளே கணக்கில் வரா. வாகனத் தரிப்பிடமும் களஞ்சியக் கொட்டகையும் வெளியே கணக்கில் வரா. வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டிய விளையாட்டு இடத்துக்குள் மழைநீர்த் தொட்டியோ, செடிகள் அடர்ந்து பிள்ளைகள் நுழைய முடியாத பாத்தியோ அடங்கியிருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இந்த இட அளவுகள் குறைந்தால் மாநில ஒழுங்குமுறை அமைப்பின் இசைவு தேவைப்படும் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல.

ஆசிரியர் எண்ணிக்கையும் கணக்குப் பார்க்கத்தக்கது. நியூ சவுத் வேல்ஸில் இரண்டு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர் வேண்டும். அறுபது பேரில் இரண்டு வயதுக்குட்பட்டோர் 12, இரண்டிலிருந்து மூன்று வயது வரையானோர் 20, அதற்கு மேற்பட்டோர் 28 என்றால் முறையே மூன்று, நான்கு, மூன்று என மொத்தம் பத்து ஆசிரியர்கள்; சமையல்காரரையும் நிர்வாகியையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். போக்குவரத்து அறிக்கை ஊழியர் எட்டுப் பேர் என்று சொல்லி அதற்கேற்பத் தரிப்பிடம் கணக்கிட்டிருந்தால், இரண்டு ஆவணங்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதை நீங்கள் இரண்டே வரிகளில் நிறுவிவிடலாம். ஆவணங்களுக்கிடையே உள்ள இத்தகைய முரண்பாடுகளைக் கண்டுபிடிப்பது ஓர் அயலவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பது என் அனுபவம். அறிக்கைகளை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு மாதங்களில் எழுதுகின்றன. இடையில் பிள்ளைகளின் எண்ணிக்கை மாறியிருக்கும். ஓர் அறிக்கை மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டிருக்கும்.

ஆர்2 வலயத்தில், கவுன்சிலின் சொந்த விதிகள் வேறு வரம்பு எதுவும் சொல்லாதபோது, கட்டடத்தின் தளப்பரப்பு காணிப் பரப்பில் பாதியை, அதாவது 0.5:1 என்ற விகிதத்தை, மீறக் கூடாது. 1,200 சதுர மீட்டர் காணியில் அது 600 சதுர மீட்டர். கட்டடத்தின் உயரம், பக்க எல்லையிலிருந்தும் பின் எல்லையிலிருந்தும் விட வேண்டிய இடைவெளி, வாகனத் தரிப்பிட அளவு ஆகியவற்றில் டி.சி.பி. எனப்படும் கவுன்சிலின் அபிவிருத்திக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடர்ந்தும் செல்லுபடியாகும். இவற்றில் மீறல் இருந்தால் விதியின் இலக்கத்தோடு எழுதுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மேற்கோள் காட்டுமுன் மாநில அரசின் சட்ட இணையதளத்தில் அன்றைய வடிவத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

வீதியும் வாகனங்களும்

டி.சி.பி.யில் வேறு அளவு இல்லாத இடங்களில், மாநில அரசின் குழந்தைப் பராமரிப்புத் திட்டமிடல் வழிகாட்டி நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தரிப்பிடம் என்கிறது. ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும், இரண்டு ஊழியருக்கு ஒன்றும் போதும். நம் எடுத்துக்காட்டில் முதல் கணக்கின்படி 15 இடங்கள், இரண்டாவதன்படி 12. வீதியோரத்தில் போதிய இடம் இருப்பதாகக் காட்டினால் இதிலும் குறைவாக ஏற்றுக்கொள்ள வழியுண்டு. பல விண்ணப்பங்கள் கேட்பது அதைத்தான். இங்கேதான் உங்கள் சாட்சியம் விலைமதிப்புள்ளதாகிறது.

வாகன எண்ணிக்கைக்கு 2002-ல் வெளியான மாநில வழிகாட்டி, நாள் முழுதும் இயங்கும் நிலையத்துக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரையான உச்சவேளையில் பிள்ளை ஒன்றுக்கு 0.8 பயணமும், மாலை நான்கிலிருந்து ஆறு வரை 0.7 பயணமும் என்று கணக்கிட்டது. அந்த அளவில் அறுபது பிள்ளைகளுக்குக் காலையில் 48, மாலையில் 42 பயணங்கள். உங்கள் கையில் இருக்கும் அறிக்கை எந்த அளவைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது, எந்த நாளில் வாகனங்களை எண்ணியிருக்கிறது என்று பாருங்கள். பாடசாலை விடுமுறைக் காலத்தில் எண்ணியிருந்தால் அதை எழுதுங்கள். அருகில் பாடசாலை இருக்கும் வீதியில், காலை 8 மணி முதல் 9.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் 40 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு நிலவும் நேரத்தில், வீதி எப்படி இருக்கும் என்பது விடுமுறை நாள் எண்ணிக்கையில் தெரியவே தெரியாது.

நீங்களும் எண்ணலாம். பாடசாலை நடக்கும் சாதாரண வார நாட்களில் இரண்டையோ மூன்றையோ தெரிவுசெய்து, காலை 7.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்தக் காணியிலிருந்து இருபுறமும் நூறு மீட்டருக்குள் வீதியோரத்தில் காலியாக உள்ள இடங்களை எண்ணிக் குறியுங்கள். தேதி, நேரம், யார் எண்ணியது, அன்று மழையா வெயிலா என்பதையும் சேருங்கள். ஒரு விளிம்புக் கல்லிலிருந்து எதிர் விளிம்புக் கல் வரை வீதியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். இருபுறமும் வாகனம் நின்றால் நடுவில் ஒரு வாகனம் மட்டுமே போக முடிகிறதா என்பதைப் படத்தோடு காட்டுங்கள். குப்பைத் தொட்டிகள் வைக்கும் நாளில் எடுத்த படம் ஒன்றும் இருக்கட்டும். பிறருடைய முகமோ வாகன இலக்கமோ படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காணிக்குள் வாகனம் திரும்பி முன்முகமாகவே வெளியேற முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. எல்லாத் தரிப்பிடங்களும் நிரம்பியிருக்கும்போது உள்ளே வந்த வாகனம் பின்முகமாகவே வீதிக்கு வர வேண்டியிருந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை. வாகனத் தரிப்பிடங்களுக்கான ஆஸ்திரேலியத் தரநிலை 2890.1, வாகனம் வெளியேறும் வாயிலில் நடைபாதையில் வருவோரைப் பார்க்கத் தடையற்ற பார்வை வேண்டும் என்கிறது. அந்த இடத்தில் மதிலோ உயரமான செடியோ வரைபடத்தில் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடமாயின், ஒரு கையில் கைக்குழந்தையும் மறு கையில் மூன்று வயதுப் பிள்ளையுமாக வரும் தாய் வாகனப் பாதையைக் கடக்காமல் மின்தூக்கிக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அயலவர் கடிதத்தில் நிலையத்துக்கு வரப்போகும் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவது தந்திரம் அல்ல. அந்தப் பிள்ளைகள் நம் வீதியின் பிள்ளைகள்.

ஒலி

பிள்ளைகளின் குரலைத் தொல்லை என்று எழுதுவதற்கு நம்மில் பலருக்கு மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வேலிக்கு அப்பால் மூன்று மீட்டரில் விளையாடும்போது, இரவு வேலை முடித்து வந்த தாதி ஒருவர் பகலில் உறங்க முடியாது என்பதும் உண்மை.

ஒலி மதிப்பீட்டுக்கு ஆஸ்திரலேசிய ஒலியியல் ஆலோசகர் சங்கத்தின் வழிகாட்டியையே பெரும்பாலான அறிக்கைகள் பின்பற்றுகின்றன. ஒரு நாளில் வெளி விளையாட்டு மொத்தம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால், அயல் வீட்டில் கேட்கும் ஒலி பின்னணி ஒலியைவிட 10 டெசிபெல் வரையும், அதற்கு மேல் விளையாடினால் 5 டெசிபெல் வரையும் கூடலாம் என்பது அதன் அடிப்படை. பின்னணி ஒலி என்பது அந்த இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் மீறப்படும் ஒலியளவு. அதாவது, ஏறக்குறைய வீதி அமைதியாக இருக்கும் தருணங்களின் ஒலி. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். ஆகவே அந்த நான்கு மணி நேர வரம்பு மிக முக்கியமானது. ஒலி அறிக்கை நான்கு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட, நிர்வாகத் திட்டம் நாள் முழுவதும் பிள்ளைகள் உள்ளுக்கும் வெளிக்கும் தாராளமாகப் போய்வரலாம் என்று சொல்லும் விண்ணப்பங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்.

ஒலியை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பிரதான வீதியை ஒட்டிய முன்புறத்தில் அளந்தால் பின்னணி ஒலி உயர்ந்து காட்டும். அமைதியான பின்வளவுகளுக்கு அந்த அளவு பொருந்தாது. அடுத்தது, உங்கள் வீடு மாடி வீடானால், மேல்மாடி யன்னலையும் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள். 1.8 மீட்டரோ 2.1 மீட்டரோ உயரமுள்ள ஒலித்தடுப்பு வேலி நிலத்தளத்தைக் காக்கும். மேல்மாடிப் படுக்கையறையைக் காக்காது. நிலையமே இரண்டு மாடியாகி, மேல்தளத்தில் விளையாட்டு இடம் வைத்திருந்தால் இது இன்னும் கூர்மையான கேள்வி. அந்த வேலியையே உயர்த்தச் சொன்னால் உங்கள் பின்வளவில் நிழல் விழும், சுவரெழுப்பியது போலாகும் என்பதையும் எண்ணிப் பார்த்தே கேளுங்கள்.

குளிரூட்டிகளின் வெளிப்பகுதி, சமையலறைப் புகைபோக்கி, நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் தானியங்கிக் கதவு, தனியார் குப்பை வண்டி வரும் நேரம் ஆகியவற்றை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடியுங்கள். குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் நேரம் வார நாட்களில் காலை 7 முதல் மாலை 7 வரை அடங்க வேண்டும் என்று மாநில வழிகாட்டி சொல்கிறது. ஆனால் ஊழியர் 6.30-க்கே வந்து வாயிலைத் திறந்தால் அந்தக் கணக்கு குலைகிறது.

மேல்மாடியிலிருந்து உங்கள் பின்வளவைப் பார்க்க முடிவது, வெட்டப்படும் பெரிய மரங்கள், மழைநீர் எங்கே போகும் என்பது போன்றவையும் எழுதத்தக்கவை. டூங்காபி ஓடைக்கு அருகில் வாழ்பவர்கள் வெள்ளம் பற்றிய விவரத்தைத் தவறவிடக் கூடாது. நடக்கத் தெரியாத குழந்தைகளை வெள்ளத்தின்போது எந்த வழியாக வெளியேற்றுவார்கள் என்பது நேரடியான கேள்வி.

கடிதத்தை எழுதுதல்

கவுன்சில் இதனை சப்மிஷன் என்று அழைக்கிறது. இரண்டு பக்கங்கள் போதும். மேலே டி.ஏ. இலக்கமும் காணியின் முகவரியும், பிறகு உங்கள் வீடு அந்தக் காணிக்கு எந்தத் திசையில் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற ஒரு வரி, அதன் பின் உங்கள் கவலைகள். உங்களுக்கு மிக முக்கியமான கவலையை முதலில் வைத்து அதற்கே அதிக இடம் கொடுங்கள். இருபது கவலைகளை ஒவ்வொரு வரியில் அடுக்கிய கடிதத்தைவிட, மூன்றை ஆதாரத்தோடு விளக்கிய கடிதத்துக்கே பரிசீலனை அறிக்கையில் உரிய பதில் எழுதப்படும். தமிழில் சிந்தித்துத் தமிழில் குறிப்பெழுதி, பிறகு வீட்டில் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவிப்பதில் தவறில்லை. ஆனால் விவரமும் தொனியும் உங்களுடையவையாகவே இருக்கட்டும்.

தனிப்பட்ட துன்பத்தை இடத்தின் மொழியில் சொல்லப் பழக வேண்டும். "எனக்கு வயது எழுபத்திரண்டு, இதய நோய் உண்டு, சத்தம் தாங்க மாட்டேன்" என்பது மனத்தைத் தொடும். ஆனால் பரிசீலிக்கும் அதிகாரியால் அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: "எங்கள் வீட்டின் இரண்டு படுக்கையறை யன்னல்களும் முன்மொழியப்பட்ட வெளி விளையாட்டு இடத்திலிருந்து 3.5 மீட்டர் தூரத்தில் உள்ளன. ஒலி அறிக்கை எங்கள் வீட்டின் வீதிப்பக்கச் சுவரை மட்டுமே அளவீட்டுப் புள்ளியாகக் கொண்டுள்ளது. படுக்கையறைப் பக்கத்தையும் கணக்கிட்டுத் திருத்திய அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டுகிறேன்." இந்த மூன்று வாக்கியங்களுக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு கவலையின் இறுதியிலும் என்ன மாற்றம் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, விளையாட்டு இடத்தைப் படுக்கையறைகளுக்கு எதிர்ப்பக்கம் மாற்றுவது, ஒரே நேரத்தில் வெளியே விளையாடுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது, வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது, குப்பை எடுக்கும் நேரம், முறையீட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கத்தை வாயிலில் எழுதி வைப்பது ஆகியவற்றை அனுமதியின் நிபந்தனைகளாகக் கேட்கலாம். விண்ணப்பத்தை முழுவதுமாக எதிர்ப்பவரும், "அனுமதிப்பதாயின் இந்த நிபந்தனைகள் வேண்டும்" என்று ஒரு பத்தி சேர்க்கத் தவறக் கூடாது. அதனால் எதிர்ப்பு பலவீனமாகாது. அரசியல் நன்கொடை பற்றிய வெளிப்படுத்தல் விதி கருத்து எழுதுபவருக்கும் உண்டு என்பதால், கவுன்சிலருக்கு நன்கொடை கொடுத்தவர்கள் அதற்குரிய படிவத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

முடிவெடுப்பவர் யார்

சிட்னிப் பெருநகரில் 2018 மார்ச் மாதத்திலிருந்து, இத்தகைய விண்ணப்பங்களில் வாக்களிக்கும் அதிகாரம் கவுன்சிலர்களிடம் இல்லை. சிக்கலற்ற விண்ணப்பங்களைக் கவுன்சில் அதிகாரிகளும், சர்ச்சைக்குரியவற்றை உள்ளூர்த் திட்டமிடல் குழுவும் தீர்மானிக்கின்றன. ஒரு தலைவர், இரு நிபுணர்கள், சமூகப் பிரதிநிதி ஒருவர் என நால்வர் அடங்கிய குழு அது. கவுன்சிலர் உங்கள் கவலையை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லலாம். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமல்ல.

ஒரு விண்ணப்பம் அந்தக் குழுவின் முன் பொதுக் கூட்டத்துக்கு வருவதற்குரிய அளவுகோல்களில் ஒன்று, தனித்தன்மையுள்ள பத்து ஆட்சேபங்கள். தனித்தன்மை என்பதுதான் முக்கியம். ஒரே வாசகத்தில் பெயர் மாற்றி அனுப்பிய கடிதங்கள் தனித்தனியாக எண்ணப்படுவதில்லை. கையொப்ப மனுவும் அப்படியே. வாட்ஸ்அப்பில் பகிர்ந்த ஒரே கடிதத்தை எண்பது வீடுகள் அனுப்பினாலும் பத்து என்ற அந்த எண்ணை எட்டாது. பத்து வீடுகள் தத்தம் யன்னலிலிருந்து தெரிவதைத் தம் சொற்களில் எழுதினால் எட்டிவிடும். எங்கள் வீதியில் திரட்டிய கையொப்பங்களுக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் கடிதத்தைப் பகிராதீர்கள், தகவலைப் பகிருங்கள். வாகனம் எண்ணிய அட்டவணை, ஒலி அறிக்கையில் கண்ட முரண்பாடு, விதியின் இலக்கம் ஆகியவற்றை எல்லோருக்கும் கொடுத்து, அவரவர் வீட்டுக்குப் பொருந்துவதை அவரவரே எழுதச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன் கவுன்சில் அதிகாரிகளின் பரிசீலனை அறிக்கை வெளியிடப்படும். பேச விரும்புபவர்கள் முன்கூட்டியே பெயரைப் பதிய வேண்டும். சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், கடிதத்தைத் திரும்ப வாசிக்காமல், அறிக்கையில் உங்கள் கவலைக்குச் சொல்லப்பட்ட பதில் எங்கே போதவில்லை என்பதை மட்டும் பேசுங்கள். ஐந்து பேர் பேசுவதாயின் ஒருவர் போக்குவரத்து, ஒருவர் ஒலி, ஒருவர் வடிகால் என்று முன்பே பிரித்துக்கொள்வது நல்லது.

மறுத்த பின்னும், அனுமதித்த பின்னும்

கவுன்சில் மறுத்தாலோ, பொதுவாக 40 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டாலோ, விண்ணப்பதாரர் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றத்துக்குப் போகலாம். இவ்வகை விண்ணப்பங்களில் ஆட்சேபித்த அயலவர்களுக்கு, முடிவு சரியா தவறா என்று மேல்முறையீடு செய்யும் அந்த உரிமை இல்லை. முடிவெடுத்த முறையில் சட்டப் பிழை இருந்தால் மட்டும் மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரலாம். அது செலவு மிக்க வழி, வழக்கறிஞரின் ஆலோசனையின்றி இறங்கக் கூடாது. விண்ணப்பதாரர் போகும் வழக்கில் பெரும்பாலும் முதலில் ஒரு சமரசக் கூட்டம் நடக்கும். அது பல வேளைகளில் அந்தக் காணியிலேயே தொடங்கும். அயலவர்கள் சிலர் தம் கவலையைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். அன்று நீதிமன்ற ஆணையர் உங்கள் பின்வளவில் நின்று யன்னலையும் வேலியையும் நேரில் பார்க்க முடியும் என்பதால், அழைப்பு வந்தால் விடுப்பு எடுத்தாவது வீட்டில் இருங்கள். நீங்கள் முன்பு எழுதிய கடிதமும் அங்கே ஆவணமாக இருக்கும். சமரசத்தில் வரைபடம் மாறினால் மீண்டும் கருத்துக் கேட்கப்படலாம். "முன்பே எழுதிவிட்டேனே" என்று விட்டுவிடாமல், புதிய வரைபடத்துக்குப் புதிதாக எழுதுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் அனுமதிப் பத்திரத்தைத் தரவிறக்கி, நிபந்தனைகளைப் படித்து, பிள்ளைகளின் உச்ச எண்ணிக்கை, இயங்கும் நேரம், வெளியே விளையாடும் நேரம், குப்பை எடுக்கும் நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுமானம் தொடங்குமுன், உங்கள் மதில், தளம், சுவர் வெடிப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு ஆழமாகத் தோண்டும் இடங்களில் இது மிகவும் தேவைப்படும். நிலையம் திறந்த பின் நிபந்தனை மீறப்பட்டால் முதலில் நிலையத்தின் நிர்வாகியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எங்கள் வீதியில் காலையில் வாயிலை மறித்து நின்ற வாகனங்களின் சிக்கல் அப்படிப் பேசித்தான் தீர்ந்தது. அதன் பிறகும் தொடர்ந்தால், நாளும் நேரமும் நிபந்தனையின் இலக்கமும் குறித்த இரண்டு வாரப் பதிவோடு கவுன்சிலின் ஒழுங்குப் பிரிவுக்கு எழுதுங்கள்.